வாடகை உலாவியா, சொந்த உலாவியா: வரி ஆலோசகர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் கூடவிருக்கும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில், உறுப்பினர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு வாடகை உலாவிச் சேவையை ஓராண்டுச் சந்தாவில் எடுப்பது என்ற தீர்மானம் இடம்பெற்றிருப்பதைச் சுற்றறிக்கையில் கண்டேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகவும் அரசின் ஜிஎஸ்டி போர்டலில் லாகின் செய்து, அவருக்குச் சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையை இறக்கி, நோட்டீஸ் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வருவதை நாம் இன்று கையால் செய்கிறோம். இனி, வெளியார் ஒருவரின் சர்வரில் ஓடும் க்ரோம் உலாவி நமக்காக அதைச் செய்து முடிக்கும் என்பது திட்டம். சுற்றறிக்கையோடு இணைக்கப்பட்ட ஒப்பீட்டுப் பட்டியலில் விலை இருக்கிறது, வேகம் இருக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை உலாவிகளைத் திறக்கலாம் என்ற எண்ணிக்கையும் இருக்கிறது. அந்த உலாவிக்குள் நாம் தட்டும் பாஸ்வேர்டு யாருடைய கணினியில் போய் நிற்கும் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம்கூட இல்லை. இம்மடலை எழுத என்னைத் தூண்டியது அந்த விடுபாடுதான்.

நான் இத்தொழிலில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் என்னோடு நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள்; பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, காஜா பட்டன் யூனிட், ஜாப் ஒர்க் என்று ஏறக்குறைய 180 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். 2019 முதல், உலாவியை நிரல் வழியாக இயக்கும் செலினியம் என்ற மென்பொருள் கொண்டும், பிறகு அதே வகையான பிளேரைட் கொண்டும் எங்கள் அலுவலகக் கணினியிலேயே இந்த வேலையை ஓரளவு தானியங்கியாக நடத்திவருகிறேன். இடையில் ஒரு வாடகைச் சேவையையும் சோதனைக்காக எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டு பக்கத்திலும் கை சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தானியங்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதத்தின் நடுப்பகுதி நமக்கு எப்படிக் கழிகிறது என்பதை இச்சங்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி விற்பனை விவர அறிக்கையான ஜிஎஸ்டிஆர் 1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர் 3பி. 14ஆம் தேதி 2பி உருவானதும், அதை ஒவ்வொருவருக்கும் இறக்கி, டேலி கணக்கு மென்பொருளில் உள்ள கொள்முதல் பில்களோடு ஒத்துப்பார்த்து, எந்தச் சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்று கண்டுபிடித்து, அவரிடம் பேசச் சொல்லி வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவதற்குள் ஆறு நாள் ஓடிவிடுகிறது. ஒருவருக்கு நான்கு நிமிடம் என்று வைத்தாலும் 180 பேருக்கு 12 மணி நேரம் ஆகிறது. அதுவும் இறக்குவதற்கு மட்டுமே. படித்த பிள்ளைகளை அந்த 12 மணி நேரமும் ‘டவுன்லோடு’ பொத்தானை அழுத்த வைப்பது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

விலையை முதலில் பேசி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் நிர்வாகக் குழுவோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வாடகைச் சேவைகள் பெரும்பாலும் உலாவி திறந்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பணம் வாங்குகின்றன. நம் தேவை ஓர் அலுவலகத்துக்கு மாதம் 12 மணி நேரம் என்றால், அதற்காகத் தனிக் கணினி வாங்கி, மின்சாரமும் யுபிஎஸ்ஸும் கொடுத்து, அதைப் பராமரிக்க ஓர் ஆளையும் வைப்பதைவிட வாடகை மலிவாகத்தான் இருக்கும். இலவச மென்பொருள் என்பதால் சொந்தமாக நடத்துவது இலவசம் என்று நண்பர்கள் சிலர் வாட்ஸ்அப் குழுவில் வாதிட்டதைப் பார்த்தேன்; அது சரியல்ல. செலினியமும் பிளேரைட்டும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன என்பது உண்மை. அவற்றை மாதாமாதம் உயிரோடு வைத்திருக்கும் உழைப்பு காசில்லாமல் கிடைப்பதில்லை.

ஆனாலும் நம் தேவை மாதம் முழுவதும் சீராகப் பரவியது அல்ல என்பதைப் பட்டியலைத் தயாரித்தவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. மாதம் முழுக்கக் காலியாக ஓடும் பேருந்தில் 20ஆம் தேதி மட்டும் ஊரே ஏற முயல்வது போன்றது நம் தொழில். ஒரே நேரத்தில் 25 உலாவிகள் என்று பட்டியலில் உள்ள வரம்பு, 140 உறுப்பினர்களும் ஒரே மாலையில் உள்ளே வரும்போது வரிசையாக மாறும். அதைத் தவிர்க்க மேல்நிலைத் திட்டத்துக்குப் போனால், மீதி இருபது நாளும் பயன்படாத இடத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்போம்.

இனி, பட்டியலில் இல்லாத அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். வாடகை உலாவி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நம் ஸ்கிரிப்ட், அதாவது வேலையின் படிகளை எழுதிவைத்த சிறு நிரல், நம் மேசையில் உள்ள கணினியில் ஓடலாம். ஆனால் அது எதையும் தானே திறப்பதில்லை. ‘இந்தப் பக்கத்துக்குப் போ, இந்தக் கட்டத்தில் இந்த எழுத்துகளைத் தட்டு, இந்தப் பொத்தானை அழுத்து’ என்று இணையம் வழியாகத் தொலைவிலுள்ள ஒரு க்ரோமுக்குக் கட்டளைகளை அனுப்புகிறது. அரசுப் போர்டலோடு பூட்டுப் போட்டுப் பேசுவது அந்தத் தொலைதூரக் க்ரோம்தான். முகவரிப் பட்டையில் நாம் நம்பும் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு போர்டலுக்கும் அந்த இயந்திரத்துக்கும் இடையில் போடப்பட்டது. நம் மேசை வரைக்கும் வருவது வேறொரு பூட்டு. இரண்டு பூட்டுக்கும் நடுவில், வாடகைக்கு விட்டவரின் இயந்திர நினைவகத்தில், வாடிக்கையாளரின் பாஸ்வேர்டும், லாகின் ஆனபின் போர்டல் தரும் அடையாளச் சீட்டான குக்கியும், அவருடைய விற்பனைப் புள்ளிவிவரங்களும் பூட்டில்லாமல் கிடக்கின்றன. சேவை நடத்துபவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கே நான் போகவில்லை. அந்த அமைப்பு வேறு விதமாக வேலை செய்ய முடியாது என்பதே நான் சொல்ல வருவது.

நான் சோதனைக்கு எடுத்த சேவையின் பெயர் இங்கே தேவையில்லை. அதில் ஒவ்வொரு அமர்வையும் காணொளியாகப் பதிவுசெய்து, பிறகு திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி இருந்தது. ஸ்கிரிப்டில் எங்கே தவறு என்று கண்டுபிடிக்க அது அருமையான வசதி என்பதை மறைக்க மாட்டேன். என் சொந்தக் கணக்கையே வைத்து ஒரு முறை ஓட்டிவிட்டு, மறுநாள் காலையில் அந்தப் பதிவைத் திறந்தேன். படத்தில் பாஸ்வேர்டு கட்டம் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரிந்தது. பக்கத்திலேயே, உலாவிக்கு அனுப்பப்பட்ட கட்டளைகளின் பதிவேடு நீளமாக ஓடிக்கொண்டிருந்தது; அதில் ‘எழுத்தைச் செருகு’ என்ற கட்டளைக்கு எதிரே என் பாஸ்வேர்டு ஓர் எழுத்து விடாமல், வீட்டு வாசலில் ஒட்டிய நோட்டீஸ் போல நின்றது. பதிவை நிறுத்திவைக்க அமைப்புகளில் ஒரு பொத்தான் இருந்தது. அதை நான்தான் அழுத்தவில்லை. நம் 140 உறுப்பினர்களில் எத்தனை பேர் அழுத்துவார்கள் என்று நிர்வாகக் குழுவினரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதில் நம் வாடிக்கையாளர்களின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் தனி உரிமையாளர்கள். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில், நம் மாநிலத்துக்குரிய 33க்கு அடுத்து வரும் பத்து எழுத்துகள் அவருடைய பான் எண். கம்பெனியின் கணக்கு என்று நாம் சொல்வது ஒரு தனிமனிதரின் வாழ்க்கைக் கணக்கும்தான். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிப்பவரையே பொறுப்பாளராக்குகிறது. அவர் வேறொருவரைக் கொண்டு அந்த வேலையைச் செய்வித்தாலும், அவர்களுக்குள் என்ன ஒப்பந்தம் இருந்தாலும், பொறுப்பு அவரைவிட்டு நீங்காது. தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. நாம் எடுக்கப்போகும் சந்தா ஓராண்டு ஓடி முடிவதற்கும் அதற்கும் அதிக இடைவெளி இருக்காது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ‘உங்க பாஸ்வேர்டை எங்க ஆபீஸ்ல யாரும் வெளிய விடமாட்டோம்ணா’ என்று நான் ஒரு சாயப்பட்டறைக்காரரிடம் சொல்லித்தான் அதை வாங்கியிருக்கிறேன். அந்த வார்த்தையில் வேறு நாட்டுச் சர்வர் எதுவும் அடங்கியிருக்கவில்லை.

வேறு நாடு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இத்தகைய சேவைகளில் பல, நாம் குறிப்பாகக் கேட்டு மாற்றாதவரை, உலாவியை அமெரிக்காவில் திறக்கின்றன. நம் அரசுத் தளங்களில் சில, வெளிநாட்டு முகவரியிலிருந்து கேட்டால் திறப்பதே இல்லை. திறக்கும் தளங்களிலும், காலை பத்து மணிக்கு நம் ஊரிலிருந்து லாகின் ஆன கணக்கு பத்தேகாலுக்கு வர்ஜீனியாவிலிருந்து லாகின் ஆனால், அதைப் பார்க்கும் எந்த அமைப்புக்கும் திருட்டு என்றே தோன்றும். அதற்கு மருந்தாக இந்திய முகவரி தரும் இடைநிலை இணைப்பைத் தனிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை சொல்கிறது. வேலை செய்யும் இடத்தை மறைப்பதற்கு நாமே பணம் கட்டுவது வரி ஆலோசகர்களுக்கு அழகா என்பதைத் தங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

கேப்ட்சாவைத் தானே தீர்த்துக்கொள்ளும் வசதி என்று பட்டியலில் பச்சைக் குறியிட்டுக் காட்டியிருப்பது இதைவிட என்னை வருத்தியது. லாகின் பக்கத்தில் அந்த எழுத்துப் படத்தை வைத்திருப்பதன் பொருளே, இங்கே ஒரு மனிதர் வந்து நிற்க வேண்டும் என்பதுதான். செலினியத்தின் சொந்த ஆவணங்களே கேப்ட்சாவைத் தானியங்கியால் கடக்க முயல வேண்டாம் என்று அறிவுறுத்துகின்றன. எங்கள் அலுவலகத்தில் உலாவி திறந்ததும் ஸ்கிரிப்ட் காத்திருக்கும். உதவியாளர் கேப்ட்சாவைப் பார்த்துத் தட்டி, உள்ளே நுழைந்தபின், அடுத்த பக்கங்களைத் திறப்பதும் கோப்பை இறக்கிச் சரியான பெயரிட்டு அந்தந்த வாடிக்கையாளரின் ஃபோல்டரில் வைப்பதும் மட்டுமே ஸ்கிரிப்டின் வேலை. ஒரு நேரத்தில் ஒரு கணக்குதான். ஆள் இல்லாமல் நள்ளிரவில் ஓடாது. அதனால் நான்கு நிமிடம் ஒரு நிமிடமாகக் குறைந்திருக்கிறதே தவிர, பூஜ்யமாகவில்லை. எனக்கு அது போதும்.

வாடகைச் சேவை எப்போதும் இருக்கும் என்ற எண்ணத்திலும் எனக்கு ஐயம் உண்டு. கிமோனோ லேப்ஸ் என்று ஒரு சேவை இருந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் இணையப் பக்கங்களிலிருந்து தகவலை எடுக்க உதவியது. 2016 பிப்ரவரியில் அதன் குழுவைப் பலன்டியர் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அறிவிப்பு வந்த அந்த மாதக் கடைசியிலேயே சேவை நின்றுபோனது. நம் தொழிலில் அப்படியொரு அறிவிப்பு 12ஆம் தேதி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சொந்தமாக நிறுவும் மென்பொருளும் சாகாவரம் பெற்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய திரையில்லா உலாவியான ஃபேன்டம்ஜேஎஸ், 2017இல் க்ரோமே திரையில்லாமல் ஓடக் கற்றுக்கொண்டதும் தேவையற்றதாகி, 2018இல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அது நிறுத்தப்பட்ட மறுநாளும் நம் கணினியில் ஓடியது. மாற்றிக்கொள்ள நமக்கு அவகாசம் கிடைத்தது.

இவ்வளவு எழுதியபின், சொந்தமாக நடத்துவதன் குறைகளை மூடி மறைத்தால் அது நேர்மையாகாது. 2022இல் ஒரு மாதம் 19ஆம் தேதி இரவு எங்கள் அலுவலகக் கணினியில் க்ரோம் தானாகவே புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டது. அப்போதெல்லாம் நான்கு வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும்; அதை இயக்கும் க்ரோம்டிரைவர் என்ற தனிக் கோப்பை நாம்தான் அதற்கு இணையாக மாற்ற வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கு, ‘சார், சிவப்பு எழுத்துல என்னமோ வருது’ என்று உதவியாளர் அழைத்தபோது நான் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் பழைய பதிப்பு, உலாவி புதிய பதிப்பு, அமர்வைத் தொடங்க முடியவில்லை என்பதுதான் அந்தச் சிவப்பு எழுத்து. அன்று மீதமிருந்த 60 கணக்குகளையும் கையால் செய்தோம். அதே ஆண்டு இறுதியில் செலினியம் 4.6 அந்தப் பொருத்தத்தைத் தானே செய்துகொள்ளத் தொடங்கியது. பிளேரைட்டோ தனக்கு ஏற்ற உலாவியைத் தன்னோடே இறக்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே அந்தக் குறிப்பிட்ட தொல்லை இன்று இல்லை. போர்டலில் ஒரு பொத்தானின் பெயரோ இடமோ மாறினால் ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டும் என்பது மட்டும் வாடகையிலும் சொந்தத்திலும் ஒன்றுதான். அந்தத் திருத்தத்தை வாடகைச் சேவைக்காரர் செய்து தருவார் என்று சிலர் நினைப்பது தவறு. அவர் தருவது உலாவியை மட்டுமே.

இன்னொரு சம்பவம் சிறியது, ஆனால் தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்களுக்கு உதவக்கூடியது. புதிய பதிவுகளுக்காக வியாபார இடத்தின் பட்டாவை இறக்கிப் பிடிஎஃப் ஆக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை, டாக்கர் என்ற, நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிக்குள் லினக்ஸில் ஓடும்படி மாற்றினேன். பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடிந்தது. கோப்பைத் திறந்தால் சர்வே எண் சரியாக இருந்தது, பரப்பு சரியாக இருந்தது. உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சதுரப் பெட்டிகள் இருந்தன. அந்த டாக்கர் பெட்டிக்குள் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை. லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவியதும் பெயர் வந்துவிட்டது. இரண்டாவதாக, பெரிய பக்கங்களைத் திறக்கும்போது உலாவி சொல்லாமல் கொள்ளாமல் விழுந்தது. டாக்கர் தரும் பகிர்வு நினைவகம் இயல்பாக 64 எம்பி மட்டுமே, க்ரோமுக்கு அது போதாது என்று கண்டுபிடித்து, கூட்டிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவானது. சொந்தக் கணினி என்பதால் எழுத்துருவை ஐந்து நிமிடத்தில் போட முடிந்தது. வாடகை இயந்திரத்தில் அது இல்லையென்றால், தமிழே தெரியாத ஓர் உதவி மையத்துக்கு, சதுரப் பெட்டி ஏன் பெயர் ஆகாது என்று விளக்கி மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கும்.

சொந்தமாக நடத்துவதில் உண்மையான ஆபத்து எழுத்துருவோ நினைவகமோ அல்ல. கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதுதான். பல உலாவிகளைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் செலினியம் கிரிட்டை இயல்பாக நிறுவினால் அது பயனர்பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. யார் வந்து ‘உலாவியைத் திற’ என்றாலும் திறக்கும். இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த இத்தகைய கிரிட்களுக்குள் புகுந்து, அவற்றை மறைநாணயச் சுரங்கமாக மாற்றிய கும்பலின் வேலையை 2024இல் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. உலாவியைத் தொலைவிலிருந்து இயக்க க்ரோம் திறக்கும் வழியும் அப்படித்தான்: அந்த வாசலை எட்டியவர் உள்ளே லாகின் ஆகியுள்ள எல்லாக் கணக்குகளையும் எட்டியவராகிறார். ஆகவே, மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கிளவுட் சர்வர் எடுத்து, யாரோ யூடியூபில் காட்டியபடி நிறுவிவிட்டு, ‘நாங்களும் சொந்தமாக நடத்துகிறோம்’ என்று சொல்லிக்கொள்வதைவிட, ஒழுங்காக நடத்தப்படும் வாடகைச் சேவையே மேல் என்று கூசாமல் சொல்வேன். நம் அலுவலகங்களில் ‘பாஸ்வேர்டு நியூ ஃபைனல்’ என்ற பெயரில் மேசைத்திரையிலேயே கிடக்கும் எக்செல் கோப்புகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். என்னிடமும் அப்படியொன்று மூன்றாண்டுகள் இருந்தது. அதை அழித்துவிட்டு, கணினியிலேயே பூட்டி வைக்கும் கீபாஸுக்கு மாறிய பிறகுதான் அடுத்தவர் சர்வரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு வந்ததாக நினைக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு முகவர் என்ற பெயரில் இப்போது வரும் கருவிகளைப் பற்றியும் நிர்வாகக் குழு தெளிவாக இருக்க வேண்டும். பிரவுசர் யூஸ் போன்றவற்றை நம் கணினியிலேயே இலவசமாக நிறுவலாம். ‘இந்தக் கணக்கின் நோட்டீஸ்களைப் பார்’ என்று வாக்கியமாகச் சொன்னாலே போதும், எந்தப் பொத்தான் எங்கே என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் பார்ப்பதற்காக, பக்கத்தின் உள்ளடக்கத்தையும் சில சமயம் திரையின் படத்தையும் ஒவ்வொரு அடியிலும் மொழி மாதிரிக்கு அனுப்புகிறது. அந்த மொழி மாதிரி வெளியார் சர்வரில் இருந்தால், உலாவி நம் மேசையில் இருப்பதால் ஒரு பயனும் இல்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான். சுற்றறிக்கையில் இதைச் ‘சொந்தமாக நிறுவும் வகை’ என்ற தலைப்பின்கீழ் சேர்த்திருப்பதைத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாடகைச் சேவைக்குத் தகுந்த இடமும் நம் சங்கத்திலேயே இருக்கிறது. நம் சங்கத்தின் இணையதளம் ஐபோனில் திறந்தால் உறுப்பினர் சந்தாப் பக்கம் பாதி மறைகிறது என்ற புகார் ஓராண்டாக நிற்கிறது. அதைச் சோதிக்க நாம் பத்து மாடல் கைபேசிகளை வாங்கப்போவதில்லை. 2011இல் மும்பையில் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் போன்ற ஒன்றில் ஒரு மாதச் சந்தா எடுத்து, எல்லாக் கைபேசிகளிலும் பார்த்து முடித்துவிடலாம். அங்கே யாருடைய பாஸ்வேர்டும் போகாது, பொதுவில் உள்ள பக்கம் மட்டுமே போகும். 2004இல் செலினியத்தை எழுதத் தொடங்கிய ஜேசன் ஹக்கின்ஸே, 2008இல் செலினியத்தை வாடகைக்கு ஓட்டித் தரும் சாஸ் லேப்ஸின் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். கருவியை இலவசமாகக் கொடுத்தவரே அதை வாடகைக்கும் விட்டார் என்றால், இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. லாகின் இல்லாத வேலையை வெளியே கொடுக்கலாம். லாகின் உள்ள வேலையை வெளியே கொடுக்கக் கூடாது. என் அலுவலகத்தில் இந்த ஒரு கோட்டைத்தான் கிழித்து வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு வழி சுற்றறிக்கையில் எங்கும் பேசப்படவில்லை. ஜிஎஸ்டி போர்டலைப் பொறுத்தவரை, 2பி இறக்குவதற்கு உலாவியே தேவையில்லை. போர்டலை நடத்தும் ஜிஎஸ்டிஎன் அமைப்பு அங்கீகரித்த சுவிதா வழங்குநர்கள் வழியாக, மென்பொருளும் போர்டலும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. வாடிக்கையாளர் தம் சுயவிவரப் பக்கத்தில் அதற்கு அனுமதி கொடுத்து, 6 மணி நேரம் முதல் 30 நாள் வரை எவ்வளவு காலம் என்று தேர்ந்தெடுத்து, தம் கைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொன்னால் போதும். பாஸ்வேர்டை நம்மிடம் தர வேண்டிய அவசியமே இல்லை. காலம் முடிந்ததும் கதவு தானாக மூடிக்கொள்கிறது. பொத்தானின் இடம் மாறினாலும் இது முறியாது. வெளியார் வழியாகத்தான் இதுவும் போகிறது என்றாலும், அவர் அரசின் ஒப்புதலோடு நிற்பவர், அனுமதியை வழங்குபவர் வாடிக்கையாளரே. குறை என்னவென்றால், ஓடிபிக்காக வாடிக்கையாளரை அழைக்கும்போது அவர் பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு போனை எடுக்கமாட்டார். அதற்கு 14ஆம் தேதி காலையில் ஒரு நேரம் ஒதுக்கி, முன்கூட்டியே செய்தி அனுப்பி வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் 70 பேரை இம்முறைக்குப் பழக்கிவிட்டோம், மீதிப் பேருக்கு இன்னும் உலாவிதான்.

ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். வாடகை உலாவிச் சந்தா குறித்த தீர்மானத்தை இந்தப் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு விடாமல் ஒத்திவைக்க வேண்டும். அந்தச் சேவைக்காரரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்: உலாவி எந்த நாட்டில் திறக்கிறது, அமர்வுப் பதிவுகளும் கட்டளைப் பதிவேடும் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, சந்தா முடிந்தபின் அவை எப்போது அழிக்கப்படுகின்றன. சந்தாவுக்கென ஒதுக்கிய தொகையில், நம் உறுப்பினர் அலுவலகங்களுக்கு நேரில் சென்று பிளேரைட்டை நிறுவி, பாஸ்வேர்டுகளைக் கீபாஸுக்கு மாற்றி, போர்டலில் மாற்றம் வரும்போது ஸ்கிரிப்டைத் திருத்தித் தர ஒரு முழுநேர ஊழியரைச் சங்கம் நியமிக்க முடியுமா என்று பொருளாளர் அவர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் கணிப்பொறிப் பட்டதாரிகளில் ஒருவருக்கு அது நல்ல வேலையாகவும் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஓடும் ஸ்கிரிப்டுகளை, எந்த நிபந்தனையும் இல்லாமல், சங்கத்துக்குக் கொடுத்துவிட நான் தயாராக இருக்கிறேன்.

பொதுக்குழுவுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, சங்கக் கட்டடத்தின் மாடி அறையைத் திறந்துவைக்கும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மடிக்கணினியையும், நான் முன்பு சோதித்த சேவையின் அந்தக் கட்டளைப் பதிவேட்டின் அச்சுப் பிரதியையும் எடுத்து வருகிறேன். அதில் உள்ள பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். எனவே தயங்காமல் படித்துப் பார்க்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
சங்க உறுப்பினர் ஒருவர்